குளியல் கொட்டகையில் பழுத்த வாழை

வடக்கு கசாகஸ்தான்
பிப்ரவரி கடைசி, பனி இன்னும் விட்டபாடில்லை

என் ஒட்டகக்குட்டி அக்மராலுக்கு அம்மா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கடல் காற்றில் தலைக்குத் துணி கட்டாமல் திரிகிறாயா? நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், முழங்கால் வலியைத் தவிர, அதுவும் உனக்குத் தெரிந்த பழைய வலிதான். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் பேசும்போது உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு நான் சொல்வதையெல்லாம் திருத்துகிறார், சொல்லக்கூடாததைச் சொல்லப்போனால் காலை மிதிக்கிறார். எதிர்வீட்டுப் பெண் விடுமுறைக்கு உன் ஊர் அந்தால்யாவுக்கு வருகிறாள், பொட்டலத்தோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

ஜனவரியில் எங்கள் பகுதிக்கு வெந்நீர் வரும் பெரிய குழாய் வெடித்து வீட்டுக்கெல்லாம் சூடு நின்றது என்று சொன்னோமே, கொஞ்சம் குளிராக இருந்தது, சமாளித்தோம் என்றார் உன் அப்பா. எங்கே போய்ச் சமாளித்தோம் என்று நீயும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் வாழையிலிருந்து தொடங்குகிறேன். நீ போன பிறகு உன் அறை ஜன்னலில் அப்பா வைத்த குட்டை வாழையை வீடியோவில் காட்டியிருக்கிறோம், ஆனால் வீடியோவில் பார்ப்பது வேறு, அதோடு குடித்தனம் நடத்துவது வேறு. முட்டைக்கோஸ் ஊறப்போடும் என் பீப்பாயைப் பிடுங்கி அதில் மண் நிரப்பினார். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும் என்று எனக்குத் தேநீர் போடுவதற்கு முன்னால் அதற்குத் தண்ணீர் வெதுவெதுப்பாக்கினார். சூட்டுக்குழாய் பக்கத்தில் காற்று காய்ந்து இலை ஓரம் கருகுகிறது என்று வீட்டுத் துண்டையெல்லாம் நனைத்துக் குழாய்மேல் போட்டார். சிவப்புப் பேன் விழுந்தபோது ஒவ்வொரு இலையாகச் சோப்புத் தண்ணீரில் துடைத்தார், என் முதுகை ஒருநாள் தேய்த்துவிட்டிருப்பாரா அந்த மனிதர்? குளிர்காலத்தில் வெளிச்சம் போதவில்லை என்று ஊதா விளக்கு ஒன்றை மாட்டினார், தெருவில் போகிறவர்கள் எல்லாம் நாலாம் மாடியில என்ன, கிழவனும் கிழவியும் டிஸ்கோ நடத்துறாங்களா என்று என்னிடம் கேட்டார்கள்.

போன கோடைக் கடைசியில் அது குலை தள்ளியது. உன் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். மரத்தின் உச்சியிலிருந்து ஊதாப்பூ தலைகீழாகத் தொங்கி, மடல் ஒன்று விழ ஒன்று விழ, அடியில் விரல் விரலாகப் பிஞ்சு. வீட்டுக்குள் தேனீ இல்லையே என்று முக்காலியில் ஏறி வண்ணம் தீட்டும் தூரிகையால் பூவைத் தடவிக்கொண்டிருந்தார், வாழைக்கு அதெல்லாம் வேண்டாம், தானாகவே காய்க்கும் என்று பிறகுதான் எங்கோ படித்துவிட்டு, தூரிகையை ஒளித்து வைத்தார். குலை இறங்கினால் தாய்மரம் பட்டுவிடும், பக்கக்கன்றுதான் மிஞ்சும், அதனால் இந்த ஒரு குலையைப் பழுக்கவைத்தே தீருவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அக்மரால் வந்தா முதல் பழம் அவளுக்கு என்பார். நீ வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும் மகளே, வேலை அதிகம் என்று நீ சொன்னால் நானும் ஆமாம் என்பேன், அவ்வளவுதான்.

காய் திரண்டு நிற்கும்போதுதான் குழாய் வெடித்தது. வெளியே எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறையும் குளிர். மத்தியானத்துக்குள் வீட்டுச் சுவர் உள்பக்கம் வெள்ளை பூத்துவிட்டது. மாடியில் இருந்தவர்கள் எல்லாம் சொந்தக்காரர் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனார்கள். உன் அப்பா நம் கம்பளி, போர்வை, என் கல்யாண மெத்தை எல்லாவற்றையும் வாழைக்குச் சுற்றிவிட்டு, மேல்கோட்டோடு அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கிளம்புங்க என்றேன். நீ போ, நான் வரல என்றார். வாழைமரத்துக்காக விறைச்சுச் செத்த ஆளோட பொண்டாட்டின்னு ஊர்ல பேர் எடுக்கணுமா நான் என்று கத்தினேன். கத்தியபோது என் வாயிலிருந்து புகை வந்தது, அவர் சிரித்தார். அவர் உதடு நீலமாகியிருந்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது.

அப்போது கதவு தட்டினார்கள். யார் என்று நினைக்கிறாய், உன் சாபித் மாமா! அவர் மகன் அஸ்கத்தோடு நடந்த நிச்சயத்தை நீ முறித்துக்கொண்டு போனதிலிருந்து நம் வாசலை மிதிக்காதவர், தானியக் கிடங்கில் உன் அப்பாவோடு பாதி ஆயுள் வேலை பார்த்துவிட்டுக் கடைத்தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறவர். சலாம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை, மீசையெல்லாம் பனியோடு நின்று மரம் எங்க என்றார். உன் அப்பா எழுந்து நின்றார். யோவ் கைரொல்லா, உன்னைக் கூட்டிட்டுப் போக நான் வரல, நீ எக்கேடும் கெட்டுப் போ, நாலாம் மாடியில ஒருத்தன் வாழை வளர்க்கிறான்னு ஊரே பேசுது, அது சாகிறதைப் பாத்துட்டு இருக்க முடியல என்றார் சாபித். கீழ்வீட்டு ஆட்கள் இருவரைப் பிடித்து, பீப்பாயைப் பனிச்சறுக்கு வண்டியில் வைத்துக் கட்டி, படி படியாக இறக்கினார்கள். நான் குலையைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டே கூட இறங்கினேன். மூன்று இலை ஒடிந்தது, ஒவ்வொன்றுக்கும் உன் அப்பா ஐயோ என்றார்.

சாபித் மாமா வீட்டில் விறகடுப்பு, உனக்குத் தெரியும். பின்கட்டில் இருக்கும் நீராவிக் குளியல் கொட்டகையின் முன்னறையில் மரத்தை வைத்தோம். வெதுவெதுப்பு, ஈரம், வாழைக்கு அது பிறந்த வீடு மாதிரி. எங்களுக்குத்தான் அப்படி இல்லை. குல்யாஷ் அத்தை எனக்குத் தேநீரைக் கிண்ணத்தின் விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அதற்கு அர்த்தம். ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன், வேறு எங்கே போக? ஆண்கள் இருவரும் பேசவில்லை, ஆனால் அடுப்புக்கு விறகு போடுவது யார் என்று போட்டி. மரத்துக்கு இவர் தண்ணீர் விட்டால் அவர் போய் மண்ணைத் தொட்டுப் பார்த்து உச்சுக்கொட்டுவார். மறுநாள் உச்சுக்கொட்டுவது வாக்குவாதமானது, சாயங்காலம் வாக்குவாதம் சதுரங்கம் ஆனது.

ஒரு காலையில் துண்டு எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். உள்ளே குல்யாஷ் ஈரத்துணியால் இலையைத் துடைத்துக்கொண்டு மரத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். நீயும் பிடிவாதக்காரிதான், அவளை மாதிரியே, வர்ற இடத்துல நல்லா வளர்ந்துட்டு ஒரு வார்த்தை சொல்லாம போயிடுவே என்றாள். நான் திரும்பிவிடலாம் என்று பார்த்தேன், பலகை கிரீச்சிட்டுவிட்டது. அவள் திரும்பாமலே சொன்னாள், சொன்னபடியே எழுதுகிறேன். கல்யாணம் நின்னதுக்கா நான் கோவிச்சேன்? என் அஸ்கத்தைப் பத்தி எனக்குத் தெரியாதா, நானே அவனோட ஒரு வாரம் இருந்தா தலைவலிக்குது. தினம் சாயங்காலம் வந்து என் அடுப்படியில உட்கார்ந்து மாவு பிசைஞ்ச பொண்ணுடி அது. அத்தை, எனக்குப் பிடிக்கலைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ரயிலுக்குக் கொண்டுவிட்டிருப்பேன். என்னைப் பாத்தா பயமா இருந்துச்சா அவளுக்கு?

பயந்துதான் போனாள், உன் முகத்தில் விழிக்கத்தான் இன்னமும் பயப்படுகிறாள், அதனால்தான் ஊருக்கே வரவில்லை என்றேன். அவள் துணியைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள், இரண்டு பேரும் அழுதோம், உன் அப்பா வந்து மரத்துக்கு ஏதாவது ஆயிருச்சா என்று பதறினார். அன்று தேநீர் கிண்ணத்தில் பாதிதான் வந்தது, திரும்பத் திரும்ப வந்தது. அஸ்கத்துக்கு இப்போது தலைநகரில் மனைவி, ஒரு பெண் குழந்தை, நன்றாக இருக்கிறான், உன்மேல் அவனுக்கு ஒன்றும் இல்லையாம்.

சூடு திரும்ப வந்த வாரத்தில் பழம் மஞ்சளாயிற்று, எல்லாம் ஒரே நேரத்தில். விரல் நீளம்தான், லேசான புளிப்போடு தித்திப்பு. பீப்பாயை இறக்கிய ஆட்களுக்கும் தெருவுக்கும் கொடுத்தோம். சாபித் மாமா ஒன்றைத் தின்றுவிட்டு, இதுக்காய்யா என் இடுப்பு போச்சு என்றார், பிறகு இன்னொன்று எடுத்துக்கொண்டார். உனக்கு வைத்த பழம் கறுத்துப்போனது, கடைசியில் குல்யாஷ் அதை மாவில் பிசைந்து எண்ணெயில் பொரித்தாள். தாய்மரத்தை வெட்டியாயிற்று. பக்கக்கன்றை வீட்டுக்குக் கொண்டு வரலாம் என்றேன், மறுபடி அலைக்கழித்தால் செத்துவிடும், அங்கேயே இருக்கட்டும் என்று உன் அப்பா சொல்லிவிட்டார். கன்றுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதைச் சாக்காக வைத்துக் காலைத் தேநீர் முடிந்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு அங்கே கிளம்பிவிடுகிறார். உன்னோடு வந்து இருக்கும்படி நீ கூப்பிட்டதைச் சொன்னேன், அங்க வாழை ரோட்டோரத்துல தானா வளருது, நான் போய் என்ன செய்யறது என்கிறார். கோபித்துக்கொள்ளாதே, கோடையில் எப்படியாவது ஒரு மாதம் இழுத்து வருகிறேன்.

பொட்டலத்தில் உலர்ந்த தயிர்க்கட்டி, குதிரை இறைச்சி இரண்டும் இருக்கின்றன, இறைச்சியை வந்ததும் குளிர்பெட்டியில் வை. குல்யாஷ் அத்தைக்குப் போன் செய், மத்தியானம் செய், சத்தமாகப் பேசு, இடது காது மந்தமாகிவிட்டது. என்ன பேசுவது என்று யோசிக்காதே, அவளே பேசுவாள். நீ நடக்கும் வழியெல்லாம் நல்லவர்கள் எதிர்ப்படட்டும், உன் அடுப்பு அணையாதிருக்கட்டும், உன் நெற்றியில் முத்தம். அடியில் இருக்கும் சாம்பல் நிறக் கையுறை நான் பின்னியது இல்லை. யார் பின்னியது என்று சொல்லக்கூடாதாம். கடற்கரை ஊர்ல அவளுக்குக் கம்பளிக் கையுறை எதுக்கு என்று கேட்டேன். அங்க போட வேணாம், இங்க ரயிலை விட்டு இறங்கும்போது போட்டுக்கட்டும் என்றாள்.

உன் வரவை நினைத்தபடியே,
அம்மா ஜெய்னெப்