பச்சைக் கேட்டில் நாய் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

இன்று நாற்பத்தொரு பார்சல், மூன்று நாய். மூன்றும் பலகை மாட்டாத வீடுகளில். 'நாய் ஜாக்கிரதை' என்று பலகை தொங்கிய ஐந்து வீடுகளில் ஒரு பூனைகூட இல்லை. பலகை வைப்பவர்கள் நாய் வளர்ப்பதில்லை, நாய் வளர்ப்பவர்கள் பலகை வைப்பதில்லை என்பது என் நெடுநாள் சந்தேகம். இன்னும் ஒரு மாதம் எண்ணிவிட்டுத்தான் முடிவாகச் சொல்வேன்.

நாய்ப் பட்டியலைச் சூப்பர்வைசர் என் தலையில் கட்டி மூன்று மாதமாகிறது. கல்லூரியில் பதினாறு வருடம் புள்ளியியல் நடத்தியவள், துறையை மூடியதும் வேன் ஓட்ட வந்தவள். "எழுத்து வேலைன்னா நீங்கதான் மேடம்" என்றுவிட்டார். குடோன் வாசலில் ஆணியில் தொங்கும் நீள நோட்டு. எந்த வீட்டில் நாய் அவிழ்ந்து திரிகிறது என்று டிரைவர்கள் அதில் எழுத வேண்டும். பட்டியலில் உள்ள வீட்டில் கேட்டைத் தாண்டக் கூடாது. வெளியே நின்று போன் செய்ய வேண்டும். தாண்டிக் கடி வாங்கினால் குற்றம் டிரைவருடையது. பட்டியலில் இல்லாத வீடென்றால் வாசற்கதவு வரை போய்த்தான் கொடுக்க வேண்டும்.

நோட்டு என் கைக்கு வந்தபோது அதில் இருந்தவை: 'புலி', 'கன்னுக்குட்டி சைஸ்', 'முழியே சரியில்ல'. ஒரு வீட்டுக்கு நேரே வெறுமனே 'வேண்டாம்'. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நிறம், உயரம், பார்த்த தேதி, பார்த்தவர் கையெழுத்து என்று நான்கு கட்டம் போட்டேன். அன்றிலிருந்து என் பெயர் ஆதாரக்கா.

மார்ச் 6, வியாழன்

பச்சைக் கேட் வீட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். 'சிங்கம்' என்று எழுதியிருந்தது. தேதி இல்லை, கையெழுத்து இல்லை. நான்கு முறை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். கேட் திறந்தே கிடக்கிறது, குரைப்புச் சத்தம் இல்லை, சங்கிலி இல்லை, சோற்றுத் தட்டு இல்லை. ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் என் இனிஷியல்.

அவசரம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் தெருக்களுக்குச் சனிக்கிழமை போகிற டிரைவர், அவசரம் என்பது நாங்கள் வைத்த பெயர். டீயைக்கூட நடந்துகொண்டே குடிப்பவர். வேகத்துக்காக ஏற்கெனவே இரண்டு வார்னிங் லெட்டர் வாங்கியிருக்கிறார். மூன்றாவது வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"அக்கா, சிங்கத்தையே அடிக்கறீங்களே!"

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல. எழுதினவன் பாத்திருப்பான்ல?"

"அவருக்கும் யாராவது சொல்லியிருப்பாங்க."

"நீங்க சாமிகிட்டயே ஆதாரம் கேப்பீங்க."

"கேட்டாச்சு. இன்னும் வரலை."

சிரித்துவிட்டு ஓடினார்.

மார்ச் 11, செவ்வாய்

'குரைக்கிற நாய் கடிக்காது' என்று ஒரு வீட்டுக்காரர் எனக்குத் தைரியம் சொன்னார். சொன்னதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். இருப்பது ஒரு வாய், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாதுதான். முறை வைத்துச் செய்யலாமே?

மார்ச் 15, சனி

அவசரத்தை நாய் கடித்துவிட்டது.

பச்சைக் கேட்.

நாலு தடவ போய்ப் பாத்தேனே. இல்லையே, நாயே இல்லையே! எங்கேர்ந்து வந்துச்சு? நான் என்ன பண்ணுவேன்?

சாப்பிடவில்லை. 'ஜுரமா?' என்று மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இல்லை என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

அவசரத்தைப் பார்க்கப் போனேன். ஒற்றை அறை வீடு. கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். கடித்த இடத்தைப் பற்றி இனி நான் எழுத வேண்டியதில்லை. அந்த நிலையிலும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது, எங்கோ கிளம்ப வேண்டியதுபோல.

"ரெண்டு வாரத்துக்கு உக்காரக் கூடாதாம். இந்த மனுஷன் எப்பவுமே உக்காந்தது கிடையாதே, டாக்டருக்கு அது எப்படித் தெரியும்?" என்றார் அவர் மனைவி. சிரித்தார், ஆனால் கண் சிவந்திருந்தது.

"என்னதான் ஆச்சு?" என்று கேட்டேன்.

"நிம்மதியாத்தான் உள்ள போனேன் அக்கா. பார்சலக் குடுத்துட்டுத் திரும்பினேன். பின்னாடி 'கண்ணா, விடு கண்ணா, விடு'ன்னு அந்தம்மா கத்துது. என்னைத்தான் சொல்லுதுன்னு நெனச்சு, 'நான் எதையும் புடிக்கலையேம்மா'ன்னேன். அப்பறம்தான் வலிச்சுது."

"பெரிய நாயா?"

"முழங்கால் உயரம். வெள்ளையா, சீவிவிட்ட மாதிரி முடி. அந்தம்மா மகனோட நாயாம். சனிக்கிழமை மட்டும் கூட்டிட்டு வருவானாம். 'ஒண்ணும் பண்ணாது தம்பி, விளையாடுது'ன்னு சொல்லுது. அது என் பேன்ட்ல ஒரு பாதியோட விளையாடிட்டிருந்துச்சு."

அப்புறம் அவராகவே சொன்னார். "காலைல நோட்டப் பாத்துட்டுத்தான் கெளம்பினேன். நீங்க அடிச்சிருந்தீங்க. உங்க கோட்ட நம்பாம வேற எத நம்பறது?"

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. குத்தியிருந்தால் தேவலை.

நான் போன நான்கு நாளும் செவ்வாய், வியாழன், செவ்வாய், வியாழன். சனிக்கிழமை என்று ஒரு நாள் இருப்பதே என் கணக்கில் இல்லை. முதலாண்டு மாணவி இப்படி எழுதியிருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

மார்ச் 17, திங்கள்

சூப்பர்வைசர் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவர் தலைக்கு மேல் 'விபத்தில்லா நாட்கள்: 211' என்று பலகை. சனிக்கிழமைக்குப் பிறகும் அது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

"புதன்கிழமை மேலிடத்துலேர்ந்து அதிகாரி வர்றாரு மேடம். அந்த வீடு லிஸ்ட்ல இருந்துச்சு, டிரைவர் மதிக்காம உள்ள போனார்னா, அது விபத்தே இல்ல. விதிமீறல்."

"அந்த வீட்டை நான் அடிச்சுட்டேனே."

"பென்சில் கோடுதானே" என்றார். இழுப்பறையைத் திறந்து ஒரு ரப்பரை எடுத்து மேசையில் வைத்தார். புது ரப்பர். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். கோடு இருந்தா தப்பு உங்க தலைல விடியும். இல்லேன்னா யாருக்கும் ஒண்ணும் இல்ல."

யாருக்கும் ஒன்றும் இல்லை. விதிமீறல் என்றால் அவசரத்துக்கு மூன்றாவது லெட்டர். மூன்றாவது லெட்டர் என்றால் வேலை போயிற்று. அது யாருக்கும் கணக்கில் வராதா?

ரப்பரை எடுத்துக்கொள்ளவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

மகளிடம் சொன்னேன். நாளைக்குப் பேச ஒரு குறிப்புத் தயாரித்திருந்தேன், அதையும் படித்துக் காட்டினேன். மாதிரி எடுப்பில் ஏற்படும் சார்பு, போதுமான எண்ணிக்கை இன்மை, வார நாட்களின் பாதிப்பு. இரண்டு பக்கம்.

முழுவதும் கேட்டுவிட்டு, "இதுல தப்பு யாரு பண்ணதும்மா? வார நாளா?" என்றாள்.

பல் தேய்க்கப் போய்விட்டாள். இவளுக்கு யார் இப்படிப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

மார்ச் 19, புதன்

கூட்டம். குடோனிலேயே, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில். எல்லா டிரைவர்களும் இருந்தோம். அவசரமும் வந்திருந்தார், அவருக்கு நாற்காலி போட்டுவிட்டு, பிறகு யாருக்கோ உறைத்து எடுத்துவிட்டார்கள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி நோட்டைப் புரட்டினார். "வீடு லிஸ்ட்ல இருக்கே. மேல ஏதோ அழிச்ச கோடு மாதிரி தெரியுது. இது என்ன?"

"கை பட்டிருக்கும் சார்" என்றார் சூப்பர்வைசர்.

நான் எழுந்தேன். இந்த வேலைக்கு வந்து மூன்று வருடத்தில் ஒரு கூட்டத்திலும் எழுந்ததில்லை. இரண்டு பக்கக் குறிப்பு பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

"நான்தான் சார் அடிச்சேன். தப்பா அடிச்சுட்டேன்."

"எதை வச்சு அடிச்சீங்க?"

"நாலு தடவை போய்ப் பாத்தேன். நாய் இல்லை. சனிக்கிழமை போய்ப் பாக்கலை. அவர் என் கோட்டை நம்பி உள்ள போனார். விதியை அவர் மீறலை."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதாவது, உங்ககிட்ட போதுமான ஆதாரம் இல்லைங்கறீங்க."

பிறகு குடோனே சிரித்தது. முப்பது டிரைவர்கள், பெட்டிகள் அதிரும்படி. அவசரம் சிரித்துச் சிரித்து, வலி தாங்காமல் 'ஐயோ அம்மா' என்று தூணைக் கட்டிக்கொண்டார். அதிகாரிக்கு எதற்கென்று விளங்கவில்லை. என்னிடம் மட்டும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையசைத்தார்.

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். முகத்தில் ஏதோ நடந்தது.

மார்ச் 20, வியாழன்

தீர்ப்பு வந்துவிட்டது. அவசரத்துக்கு நடந்தது பணியிட விபத்து. லெட்டர் கிடையாது, ஊசிகள் முடியும்வரை விடுப்பு. எனக்கு வார்னிங் லெட்டர், என் முதலாவது. நோட்டு என்னிடமிருந்து போயிற்று. சனிக்கிழமை ரூட் எனக்கு வந்தது. பலகையில் சூப்பர்வைசர் தன் கையாலேயே பூஜ்யம் எழுதினார்.

காலையில் வேனில் பெட்டி ஏற்றும்போது இரண்டு டிரைவர்கள் வந்து நின்றார்கள். "ஆதாரக்கா, நோட்டக் குடுக்கறதுக்கு முன்னாடி என் ரூட்ல இருக்கற வீட்டுக்கெல்லாம் ஒரு கோடு போட்டுட்டுப் போங்களேன். கடிச்சாலும் லீவாவது கிடைக்கும்" என்றார் ஒருவர். "டேய், அக்கா கோடு போட்டா நாய் கட்டாயம் கடிக்கும்டா, உறுதி" என்றார் மற்றவர்.

லெட்டரை இரண்டு முறை படித்தேன். எழுத்துப் பிழை மூன்று. திருத்தவில்லை.

மார்ச் 22, சனி

முதல் சனிக்கிழமை ரூட்.

கடைசித் தெருவில் ஒரு நீளமான காம்பவுண்டு. நோட்டில் இல்லாத வீடு, விதிப்படி கதவு வரை போக வேண்டும். கேட் பாதி திறந்திருந்தது. கேட்டிலிருந்து வாசற்கதவு நாற்பது அடி இருக்கும், இரண்டு பக்கமும் அடர்ந்த செடி. குரைப்பு இல்லை, தட்டு இல்லை, சங்கிலி இல்லை. ஒரு காலை உள்ளே வைத்தேன். எடுத்துவிட்டேன். போன் செய்தேன்.

பனியனோடு ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "உள்ள வாங்கம்மா! கேட் தெறந்துதானே இருக்கு?"

"நாய் இருக்கா சார்?"

"எங்க வீட்ல நாயே கிடையாதே!"

நம்பாமல் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்பவராகத் தெரியவில்லை.

"பயமா இருக்கு சார். நீங்க வாங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ முணுமுணுத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, நாற்பது அடியும் நடந்தே வந்து வாங்கிக்கொண்டு போனார். அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.