ஆனே இல்லே

ஆகஸ்ட் 4, திங்கள்
காலையிலிருந்து தூறல். காக்ஸ் டவுனிலிருந்து காட்டு எல்லைக்கு இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. பஸ் எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகத்தான் போகிறது. பதினான்கு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்த கட்டடம் வந்ததும் செல்போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

நோட்டீஸ் பீரியட் வெள்ளியோடு முடிகிறது. மிச்ச லீவை எல்லாம் போட்டுத்தான் வனத்துறையில் இந்தக் காட்டு வேலை. மேனேஜரிடமிருந்து மறுபடி மெசேஜ். வெள்ளி மாலைக்குள் ஒரு மெயில் போட்டால் ராஜினாமாவை மறந்துவிடுவார்களாம். எட்வினிடம் சொல்லவில்லை. சொன்னால் மெயிலை அவரே டைப் அடித்துக் கொடுப்பார். புருஷன் லட்சணம்.

வாங்க: நீள சாக்ஸ், உண்ணிக்கு வேப்பெண்ணெய், டார்ச் பேட்டரி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
யானை ஊருக்குள் வராமலிருக்க வெட்டிய பள்ளம், மழையில் ஓரிடத்தில் சரிந்து மூடிக் கிடக்கிறது. அங்கே வாக்கி டாக்கி செட்டோடு நிற்பது என் வேலை. உள்ளே ரோந்து போகிறவர்கள் இருவர். முனிராஜ், தளிப் பக்கத்துத் தமிழர். இன்னொருவர் சித்தப்பா. பேரே அதுதான், உறவில்லை. கன்னடம் மட்டும். அவர்கள் சரி என்றால்தான் மாடு ஓட்டுகிறவர்களை நான் விட வேண்டும்.

"ஏசி மேடம் எஷ்டு தின?" என்று சித்தப்பா முனிராஜிடம் கேட்டது காதில் விழுந்தது. எத்தனை நாளைக்காம். சுருக்கென்றது. எனக்குள்ளும் அதே கேள்விதான்.

ஆகஸ்ட் 6, புதன்
ரத்னம்மா. பக்கத்து ஊர், என் வயதுதான் இருக்கும். மாடுகளோடு வந்து, போகலாமா என்றாள். செட்டில் முனிராஜைக் கூப்பிட்டேன். ஒரே கரகரப்பு. "ஆனே இல்லே." ஆனை இல்லை. போ என்று கை காட்டினேன்.

பேசியது முனிராஜ் இல்லை. தன் செட்டில் சார்ஜ் போனதால் அவருடையதை வாங்கி வைத்திருந்த சித்தப்பா. கன்னடத்தில் 'இல்லே' என்றால் இங்கேயேதான். ஆனை இங்கேயேதான் என்று சொல்லியிருக்கிறார்.

கன்னட ஊரிலேயே பிறந்தவள் நான். ஆட்டோக்காரரிடம் "இல்லே நில்லிசி" என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லி இறங்கியிருப்பேன்.

மூங்கிலுக்குப் பின்னாலிருந்து கொம்பன். மாடுகள் சிதறின. ரத்னம்மா பள்ளத்துக்குள் குதித்தாள். அதனால் பிழைத்தாள். விளிம்பில் நின்று பார்த்துவிட்டு அது திரும்பிவிட்டது. அவள் மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவ்வளவு நேரமும் நான் நின்ற இடத்திலேயே.

சித்தப்பாதான் இறங்கி அவளை மேலே ஏற்றிவிட்டார்.

ஆகஸ்ட் 7, வியாழன்
ஃபாரஸ்டர் கூப்பிட்டுக் கண்டித்தார். என்னை வைத்துக்கொள்வதா என்பதை சித்தப்பாவிடமே விட்டுவிட்டாராம்.

எட்வினிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மேனேஜர் மெசேஜ் உட்பட. கத்தவில்லை. "ஆபீஸ்ல தப்பு நடந்தா திருத்திக்கலாம். இங்க ஆள் செத்துடும், ஷீலா. வந்துடு." இரண்டு வரி மெயில் எழுதி டிராஃப்டில் வைத்தேன்.

மதியம் ரத்னம்மா வீடு. அவள் கணவன் வாசலிலேயே கத்தினான். கத்தட்டும் என்று நின்றேன். கட்டுப் போட்ட கையோடு அவளே வெளியே வந்தாள். மன்னிப்புக் கேட்டதைக் காதில் வாங்கவில்லை. வேலையை விடப்போகிறேன் என்றதும்தான் வெடித்தாள். கன்னடத்தில் அவள் சொன்னது: "நீ போனா அடுத்து வர்றவளும் இதே தப்பைப் பண்ணுவா. என் மாடு நாளைக்கும் அந்த வழிதான் போகணும். உனக்காவது இப்ப தெரியும்."

மன்னித்தாளா, தெரியவில்லை. உட்காரக்கூடச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி
நல்ல மழை. நேராக சித்தப்பாவிடம் போனேன். செட்டில் இனி 'இல்லே' வேண்டாம். யார் பேசினாலும் முதலில் பேர். யானை இருந்தால் கெம்பு, இல்லாவிட்டால் ஹசிரு. சிவப்பு, பச்சை, அவ்வளவுதான் என்றேன். பீடியை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார். பிறகு "எஷ்டு தின?" என்றார், இந்த முறை என்னிடமே.

நாளைக்கு வருவேன் என்றேன். அதற்கு மேல் தெரியவில்லை. செட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

மாலை, சரிந்த பள்ளத்தருகே. மெயில் இன்னும் டிராஃப்டில். எட்வின் போன்.

"எங்க இருக்கே? ஆபீஸ்லயா?"

"இல்லே."

"எந்த இல்லே?"

"கன்னடம்."