அன்னலட்சுமி அக்காவின் உபவாசம்

பன்வில,
ஞாயிறு, ஆராதனை முடிந்த பிறகு.

அன்புள்ள ஜெஸ்மின் அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் பிள்ளையும் சுகம். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் சொன்னால் பாதியில் சிக்னல் இல்லை என்பீர்கள். அக்குறணை ரிஸ்மி லீவு முடிந்து துபாய்க்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். உறையை ஒட்டித்தான் கொடுக்கிறேன், அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஜெஸ்மினுக்கு இருமல் குறைந்துவிட்டது. வத்தேகமைக்கு வகுப்புக்குப் போய் வருகிறாள். எனக்குப் பல்லேகல கார்மண்டில் தையல் வேலை அதிகம். மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை. போன வாரம் மெஷின் ஊசி விரலில் ஏறிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை.

சபைக் காரியத்துக்கு வருகிறேன். மண்சரிவில் ஜெபவீட்டின் பின்சுவர் விழுந்தது உங்களுக்குத் தெரியும். திருப்பிக் கட்டத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் இன்னும் அனுமதி தரவில்லை. அதற்குள் பாஸ்டர் அம்மாவுக்குக் கரு கலைந்துவிட்டது. மனைவிக்கு இப்படி ஆனதில் பாஸ்டர் உடைந்துபோனார். நமக்குள் யாரோ பாவத்தை மறைத்து வைத்திருக்கிறார்கள், அதனால்தான் இந்த அடி என்று சொல்லி எல்லாரையும் உபவாசத்தில் உட்கார வைத்தார். முதலில் அழுது ஜெபித்தோம். பிறகு ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கினோம். யார் ஜெபத்தில் கண்ணைத் திறக்கிறார்கள், யார் கைப்பையில் என்ன இருக்கிறது என்று.

கடைசியில் அகப்பட்டது கீழ் லயத்து வீட்டு அன்னலட்சுமி அக்கா. புருஷன் செத்த பிறகு நம் சபைக்கு வந்தவர், வேறு யாரும் இல்லாதவர். அவர் அலுமாரியில் திருநீற்று டப்பா இருப்பதை யாரோ பார்த்து பாஸ்டரிடம் சொல்லிவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் வழக்கம்போல துபாயிலிருந்து போனில் தேவசெய்தி கொடுத்தீர்கள். போனை மேசையில் வைத்து எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தோம். "அக்கா, மறைச்சு வச்சிருந்தா வெளிய கொண்டாந்துருங்க. ஒருத்தருக்காகச் சபை முழுக்கக் கஷ்டப்படக் கூடாது" என்றீர்கள். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். அக்கா வீட்டுக்குப் போய் டப்பாவை எடுத்து வந்து பாஸ்டர் முன்னால் வைத்தார். "சாமி கும்பிட இல்லைங்க ஐயா. அவரு பூசிக்கிட்டது, அந்த வாசத்துக்காக வச்சிருந்தேன்" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. இனித் திருவிருந்தில் சேரக் கூடாது என்று சொல்லி, கடைசிக் கதிரையில் உட்கார வைத்தார்கள்.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு போனை எடுக்கப் போனேன். நீங்கள் கட் பண்ண மறந்திருந்தீர்கள். ஒரு பெண் குரல் கேட்டது. நம் பக்கத்துப் பேச்சுத்தான். "பிரசங்கம் முடிஞ்சுதா? மகனைக் கொஞ்சம் தூக்குங்க, நான் சோறு வடிக்கணும்" என்றாள். குழந்தை அழுதது. "வாடா தங்கம், அப்பாகிட்ட வா" என்றீர்கள். ஜெஸ்மின் கைப்பிள்ளையாக இருந்தபோது நான் கேட்ட அதே குரல்.

போனைக் கட் பண்ணினேன். கதிரைகளை அடுக்கினேன். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளிலும் நீங்கள் பேசினீர்கள், நான் அதே மேசையில் போனை வைத்தேன். வெளியே சொன்னால் ஜெஸ்மின் எங்கே முகத்தை வைத்துக்கொள்வாள் என்றுதான் இருந்தது.

உபவாசம் முடிந்த பிறகும் அக்கா சாப்பிடவில்லை. பாஸ்டர் அம்மாவின் பிள்ளை போனது தன்னால்தான் என்று நம்பிவிட்டார். வெறும் வயிற்றோடு கொழுந்தெடுக்கப் போய், மழையில் சரிவில் மயங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இப்போது கண்டி ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வேலை முடிந்து பார்க்கப் போனேன். "ஷாமலா, நான் சபைய விட்டுப் போயிட்டா எல்லாம் சரியாயிருமா?" என்று கேட்டார். கஞ்சி ஊட்டப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. "இது உங்களால இல்லக்கா. மறைச்சது வேற ஒருத்தர், எனக்குத் தெரியும்" என்றேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் என்று கேட்கவில்லை. என் கன்னத்தைத் தடவிவிட்டுக் கஞ்சிக்கு வாயைத் திறந்தார்.

இந்த வெள்ளிக்கிழமை லைன் கிடைக்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். போனை அணைத்தது நான்தான். எழுந்து நின்று, அன்னலட்சுமி அக்கா மேல் போட்டது வீண்பழி, ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடம் அதைச் சொல்லுங்கள் என்றேன். "அப்ப யாருன்னு தெரியுமா தங்கச்சி?" என்று பாஸ்டர் கேட்டார். தெரியும், அவரே சொல்லட்டும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். இப்போது என்னைத்தான் பார்க்கிறார்கள். புருஷன் வெளிநாட்டில் இருக்கிற பெண்பிள்ளையைச் சந்தேகிக்க அதிகம் யோசிக்க வேண்டாமே. இன்று ஆராதனையில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வெள்ளிக்கிழமை அப்பா ஏன் பேசவில்லை என்று ஜெஸ்மின் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

சுவர் விழுந்தது மழையால். பாஸ்டர் அம்மாவின் பிள்ளை போனதற்கும் நீங்கள் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அக்கா விழுந்தது உங்களால்.

பாஸ்டருக்கு நீங்களே போன் எடுத்து, மறைத்ததைச் சொல்லுங்கள். அக்கா வீட்டுக்கு வருவதற்குள் சொல்லுங்கள். அக்காவிடம் மன்னிப்புக் கேளுங்கள். என்னிடம் கேட்பதைப் பிறகு பார்க்கலாம், அதற்கு என்ன சொல்வேன் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

இன்னொரு விஷயம். அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். காலையில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபிக்கிறேன். அவனிடம் வந்ததும் நாக்கு நின்றுவிடுகிறது.

கர்த்தர் உங்களையும், அந்த வீட்டில் உங்களோடு இருக்கிறவர்களையும் காக்கட்டும்.

ஷாமலா