மூன்று வாட்

இன்று காலை ஆய்வகத்தில் ஒரு மாணவி மின்தேக்கியைத் தலைகீழாக இணைத்துவிட்டாள். துப்பாக்கி சுட்டதுபோல் வெடித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நான் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உனக்குக் கிழிந்த இடம் அது, தம்பி.

அன்று கவுஞ்சி மலைத் தோட்டத்திலிருந்து நீ போனில் கூப்பிட்டபோது வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, பம்புசெட்டு கெப்பாசிட்டர் பெட்டியில கை வைக்க முடியல. கொதிக்குது."

"மேல என்ன எழுதியிருக்கு, படி."

படித்தாய். மின்தேக்கி வாங்கிய ஆற்றலை முழுதாகத் திருப்பித் தராது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உள்ளேயே வெப்பமாகிவிடும். அந்த இழப்பைக் கணக்கிட, புதிய மின்தேக்கிக்குப் புத்தகம் தரும் எண்ணைப் போட்டேன். மூன்று வாட் வந்தது.

"மூணு வாட்டுல எப்படிடா கொதிக்கும்? வெயில்ல கெடக்கு, சுடுது. மோட்டாரப் போடு."

"வெயிலா? இங்க மூணு நாளா மூடுபனி, எதிர்ல நிக்கிற ஆளு தெரியல. நீ எந்த ஊருல இருக்க?" சிரித்தாய். "சரி, காலேஜ் டீச்சர் சொன்னா மோட்டாரு கேக்காமலா போகும்? வெரசா கேரட்டக் கழுவணும், லாரி நிக்குது. போட்டுர்றேன்."

போட்டாய். இன்னும் சுடுகிறதா என்று பார்க்கக் குனிந்தாய் என்று லாரி டிரைவர் சொன்னார். பெட்டி வெடித்து, தகடு பறந்து வந்து உன் கழுத்தை அறுத்தது. கழுவும் தொட்டிக்குள் விழுந்தாய். உன்னைத் தூக்கிய பிறகும் கேரட் சிவப்புத் தண்ணீரில் மிதந்ததாம்.

பெட்டிக்குள் இருந்த மூன்று மின்தேக்கிகளில் வெடிக்காத இரண்டையும் கொண்டுவந்து அளந்தேன். பழசாகி, ஈரம் ஏறி, புத்தக எண்ணைவிட இருபது மடங்கு இழப்பு. மூன்றுக்கும் சேர்த்து அறுபது வாட், மூடிய டப்பாக்களுக்குள். உன் கை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. இரண்டையும் தரையில் போட்டுச் சுத்தியலால் அடித்தேன். தகடு நசுங்கி எண்ணெய் தெறித்தது. உள்ளங்கைத் தோல் உரிந்த பிறகும் அடித்தேன். அப்போதும், மிச்ச மின்சாரத்தை முறைப்படி இறக்கிவிட்டுத்தான் அடித்தேன். என் படிப்பு அதற்குத்தான் உதவியது.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா இன்றும் ஒன்றையே சொல்கிறாள்:

"இம்புட்டுப் படிச்ச அக்கா இருக்கா. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா எம்புள்ள இன்னைக்கு உசுரோட இருப்பான்."

நான் பக்கத்தில்தான் இருப்பேன். வந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நீ கேட்டாய் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை.