ஆட்டு டிரெய்லரும் பதினோராம் மாடியும்

அன்புள்ள மகளுக்கு,

நானும் உன் அப்பாவும் சுகம். ஆடுகள் முப்பத்தெட்டும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டாலும் நீ சொல்லவா போகிறாய், மூக்கு முழுக்கச் சளியை வைத்துக்கொண்டு நல்லாத்தான் இருக்கேன்மா என்கிற ஆள் நீ. இதைப் போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் குறுக்கே போடுகிறாய், காகிதத்தில் உன்னால் அது முடியாது, அதுதான் காரணம். ஆடுகளை விற்றுவிட்டு எந்த மாதம் உங்கள் பதினோராம் மாடிக்கு வருகிறோம் என்று கேட்டிருந்தாய் அல்லவா, அதற்கான பதில் இதில் இருக்கிறது. கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற புத்தியை இங்கே காட்டாதே, வரிசையாகப் படி.

எல்லாம் அந்தப் பெட்டைக்குட்டி செத்த நாளில் தொடங்கியது. சந்தைக்கு ஆடு ஏற்ற வாடகை வண்டிக்காரன் வந்தான், எப்போதும் போல வண்டியில் பாதி இடத்தில் யாருடைய சிமெண்ட் மூட்டையோ இருந்தது, மீதி இடத்தில் பன்னிரண்டு ஆடுகளைத் திணித்தான், போய் இறங்கிப் பார்த்தால் ஒன்று மிதிபட்டுக் கிடக்கிறது. நான் அழ மாட்டேன் என்று உனக்குத் தெரியும், அன்றைக்குச் சந்தை நடுவில் நின்று அழுதேன். உன் அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, எனக்கு ஒரு சோடா வாங்கி வந்து பாதியைத் தானே குடித்துவிட்டார். அன்றைக்கு இரவு உன்னிடம் போனில் சொன்னபோது நீ ஒரே போடாகப் போட்டாய், இத்தோடு எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள், அறை தயாராக இருக்கிறது, திரைச்சீலைகூட மாட்டியாயிற்று என்று. நியாயமான பேச்சுதான். நானும் ஒரு வாரம் அந்த யோசனையில்தான் இருந்தேன். அதற்குள் மாட்டு டாக்டர் உன் அப்பா காதில் ஒரு விஷயத்தைப் போட்டுவிட்டுப் போனார். பால்பண்ணைக்காரர் மாடுகளைக் குறைக்கிறாராம், அவரிடம் பழைய டிரெய்லர் ஒன்று சும்மா நிற்கிறதாம், நாலு ஆடுகூட நிற்காத நம் சின்ன பிக்கப்புக்குப் பின்னால் மாட்டினால் பதினைந்து ஆடு தாராளமாக நிற்குமாம்.

அவ்வளவுதான், மனுஷன் மறுநாள் காலைக் காப்பியைக்கூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். திரும்பி வந்தபோது முகத்தைப் பார்க்க வேண்டுமே, நீ பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில்கூட அவ்வளவு பிரகாசம் இல்லை. பச்சைக் கலராம், பெயிண்ட் பளபளவென்று இருக்கிறதாம், கதவு வெண்ணெய் மாதிரி திறக்கிறதாம். டயர் எப்படி என்றேன், வட்டமாக இருக்கிறது என்றார். அடியில் குனிந்து பார்த்தீர்களா என்றேன், இடுப்பு வலி என்றார். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் வண்டி பார்க்கிற லட்சணம் இது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, டிப்போவில் வண்டியைக் கழுவித் துடைத்துச் சாவியைக் கையில் கொடுத்தார்கள், அடியில் குனிந்து பார்க்க வேறு ஆள் இருந்தான்.

அதனால்தான் உன்னிடம் கேட்டேன். நீ ஊர் ஊராகப் போய்ப் பாலங்களைத் தட்டிப் பார்த்து எது விழும் எது நிற்கும் என்று சொல்கிறவள், ஒரு டிரெய்லருக்கு வழி சொல்ல மாட்டாயா என்று. நீயும் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாய். புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் சந்தேகப்படு, சுத்தியலால் தட்டு, நல்ல இரும்பு ணங்கென்று சொல்லும், துரு தின்றது தொப்பென்று சொல்லும், தரையில் ரப்பர் பாய் போட்டிருந்தால் கட்டாயம் தூக்கிப் பார், இன்னும் என்னென்னவோ. அந்தப் பட்டியலைப் படித்தபோதே தெரிந்தது, உலகத்தில் எந்த டிரெய்லரும் இதில் தேறக் கூடாது என்று நினைத்து எழுதியிருக்கிறாய். கள்ளி, எனக்குப் பிறந்தவள்தானே நீ. சரியென்று பட்டியலையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டேன், கூடவே மேனேஜரையும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டேன். மேனேஜர் என்றால் காது கிழிந்த கிழட்டுப் பெட்டை ஆடு, உனக்கு ஞாபகம் இருக்கும், மற்ற ஆடெல்லாம் அது போனால்தான் போகும், காலடியில் லேசாக ஆடினால்கூட அடுத்த அடி எடுத்து வைக்காது. உன் அப்பா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆட்டைக் கூட்டிப் போகிற ஒரே பொம்பளை நீதான் என்றார். குனிந்து பார்க்காதவரைக் கூட்டிப் போகும்போது ஆட்டைக் கூட்டிப் போகக் கூடாதா என்றேன்.

பால்பண்ணைக்காரர் அந்த டிரெய்லரை ராணி என்றுதான் சொல்கிறார். ராணியின் மேல்பக்கமெல்லாம் ணங் ணங் என்றது, எனக்கே ஆச்சரியம். கொக்கி மாட்டும் நீண்ட இரும்புச் சட்டம் டிரெய்லர் பெட்டியோடு சேருகிற இடத்துக்கு வந்ததும் தொப். இன்னொரு தடவை தட்டினேன், பெயிண்ட் அப்பளமாகப் பெயர்ந்து உள்ளேயிருந்து துரு கொட்டியது. டயரில் தரையைத் தொடுகிற பட்டன் எல்லாம் புதுசு போல இருக்கிறது, பக்கவாட்டில் பார்த்தால் என் குதிகால் தோற்றது, அத்தனை வெடிப்பு. பிரேக் இறுகிப்போய் அசைய மாட்டேன் என்கிறது. மேனேஜர் சரிவுப் பலகையில் ஏறினாள், உள்ளே நாலடி போனாள், நின்றாள், முன்னங்காலை வைத்தாள், எடுத்தாள், திரும்பி என்னைப் பார்த்தாள். புது இடம், கூச்சப்படுகிறது என்றார் பால்பண்ணைக்காரர். பாயைத் தூக்கினேன், அடியில் பலகை டீயில் நனைந்த ரொட்டி போல இருந்தது, சுத்தியலின் பிடி உள்ளே போய்விட்டது. அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் பேசவில்லை, மேனேஜர் மட்டும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள்.

இங்கேயே கதை முடிந்திருந்தால் நீ நினைத்தது நடந்திருக்கும். ஆனால் உன் அப்பா ஒற்றைக் காலில் நின்றார், அடுத்த தெரு வெல்டரும் ஒரு தடவை பார்க்கட்டும் என்று. வெல்டரை உனக்குத் தெரியும், வார்த்தைக்கு வரி கட்டுகிறவன் போலப் பேசுவான். அரை மணி நேரம் மல்லாந்து படுத்து அடியில் கிடந்தான், எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, "எலும்பு நல்லாருக்கு. தோல்தான் போச்சு" என்றான். ஆக்சில் நேராக இருக்கிறது, சேஸிஸில் விரிசல் இல்லை, முன்பக்க இரும்பை மட்டும் வெட்டி எடுத்துப் புதுசு வைக்க வேண்டும், பலகை, டயர், பிரேக், பேரிங் எல்லாம் மாற்ற வேண்டும், மாற்றினால் உங்கள் காலம் வரைக்கும் ஓடும் என்றான். எங்கள் காலம் எவ்வளவு என்று அவன் கணக்குப் போட்டான் என்று நான் கேட்கவில்லை. நான் பால்பண்ணைக்காரரிடம் போய், ராணி என்று பெயர் வைத்தவர் கிரீஸாவது வைத்திருக்கலாமே என்று ஆரம்பித்தேன், கேட்ட விலை பாதிக்கு வந்தது. அப்போதும் நான் முழு மனசாக இல்லை. முதலில் வெறும் வண்டியாக மெதுவாக வீட்டுக்குக் கொண்டு போகிறோம், ஒரு வாரம் நிற்கட்டும், பிடிக்காவிட்டால் திருப்பித் தருகிறோம் என்று பேசிக்கொண்டேன். வெல்டர் தற்காலிகமாக ஒரு இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தான்.

இப்போது சொல்லப் போவதை நீ அப்பாவிடம் கேட்கக் கூடாது, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது. பண்ணையிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் ஜம்மென்று ஓட்டி வந்தார். தெருவில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கையை ஆட்டினார். கேட்டுக்குள் பின்னால் எடுக்க வேண்டும். எடுத்தார். டிரெய்லர் வலது பக்கம் போக வேண்டியது இடது பக்கம் போனது. முன்னால் வந்து மறுபடி எடுத்தார், மறுபடி இடது. பின்னால் எடுக்கும்போது பஸ் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ வால் அந்தப் பக்கம் போகும், டிரெய்லர் அதற்கு நேர் எதிர். உன் அப்பாவின் கைக்கு முப்பத்தோரு வருஷப் பழக்கம், மூளை சொல்வது கைக்குக் கேட்கவில்லை. ஏழாவது தடவை மட்கார்டு கேட்டுத் தூணில் மோதித் தூண் சாய்ந்தது. எதிர் வீட்டு மாடி, பக்கத்து வீட்டு மாடி எல்லாவற்றிலும் ஆள். ஒருத்தர் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உன் அப்பா எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து வாசல்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இனிமே நம்மால எதுவும் ஆகாது போலிருக்கு. பொண்ணு கூப்பிடுற இடத்துக்கே போயிடலாம்" என்றார்.

அவர் உன்னிடம் வருவதற்குச் சம்மதித்துவிட்டார் பார், நீ ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த சம்மதம் அதுதான். ஆனால் அந்தக் குரலில் அதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. உன் வீட்டுக்கு அவர் தோற்றுப்போய் வரக் கூடாது. நான் சாவியை வாங்கிக்கொண்டேன். நாலு வருஷத்துக்கு முன்னால் அவரிடம் கற்றுக்கொள்ள மறுத்து, காசு கட்டி டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டேனே, அப்போது இவர் மூன்று நாள் பேசவில்லை, அந்த லைசென்ஸ் அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. முதல் தடவை தப்பியது, இரண்டாவது தடவை பாதி போனது, மூன்றாவது தடவை நேராக உள்ளே போய் நின்றது. நாற்காலிக்காரர் கை தட்டினார். உன் அப்பா வாயைப் பிளந்துகொண்டு, எப்படி என்று கேட்டார். நான் நிஜத்தைத்தான் சொன்னேன். "எந்தப் பக்கம் போகணுமோ அதுக்கு எதிர்ப் பக்கம் திருப்பணும். முப்பத்தாறு வருஷமா உங்களை அப்படித்தானே ஓட்டுறேன்." ஒரு நிமிஷம் முறைத்தார், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார், சாய்ந்த தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று. நான் அந்த நிமிஷம் முடிவு செய்தேன், ராணி நம் வீட்டில்தான்.

அப்புறம் மூன்று வாரம் வீடு பட்டறையாகக் கிடந்தது. சமையல்கட்டு மேசையில் பேரிங், குளியலறையில் பிரேக் சாமான், என் நல்ல தட்டு ஒன்றில் கிரீஸ். அந்தத் தட்டுக்காக அவர் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. இப்போது அவருக்கு அடியில் குனிய முடிகிறது, இடுப்பு வலி எங்கே போனதென்று நான் கேட்கவில்லை. பலகை புதுசு, டயர் புதுசு, தூண் மட்டும் இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது, அதை நிமிர்த்த வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், வீட்டில் ஒரு ஞாபகமாக இருக்கட்டும். போன வாரம் பதினான்கு ஆடுகளோடு சந்தைக்குப் போனோம். மேனேஜர் சரிவுப் பலகையில் ஏறினாள், நாலடி போனாள், நிற்காமல் கடைசி வரைக்கும் போய்ப் படுத்து அசைபோட ஆரம்பித்தாள். ஒன்றுக்கும் ஒரு கீறல் இல்லை. முன்னால் ஓட்டுவது அவர், பின்னால் எடுப்பது நான், அப்போது அவர் இறங்கி நின்று பஸ் கண்டக்டர் போல விசில் ஊதுகிறார். தப்பான நேரத்தில்தான் ஊதுகிறார், நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஆகவே கண்ணே, நாங்கள் இப்போதைக்கு வரவில்லை. நீ கோபப்படுவாய், படு. உன்னைப் பார்க்காமல் இருப்பது எனக்கும் கஷ்டம்தான், சில நாள் சாயங்காலம் உன் பழைய சட்டையை மடித்து வைப்பதற்காகவே பிரித்து எடுக்கிறேன். ஆனால் அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து லிப்ட் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உன் அப்பா எந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புவார் சொல். அந்த அறையில் உன் தையல் மெஷினைப் போட்டுக்கொள், திரைச்சீலை அப்படியே இருக்கட்டும், நாங்கள் விருந்தாளியாக வரும்போது ஆகும். மாப்பிள்ளையிடம் சொல், உடம்பைப் பற்றிய வீடியோக்களை அப்பாவுக்கு அனுப்ப வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ஒரு புது வியாதி வருகிறது. நீ பாலத்தில் ஏறும்போது கயிறு கட்டாமல் ஏறாதே, அதை நான் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். காலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போ.

நீங்கள் இரண்டு பேரும் நீண்ட காலம் நோய் நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. லீவில் வரும்போது உன் ஆபீஸ் சுத்தியலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வா. முதலில் ராணியைத் தட்டிப் பார், வெல்டர் வேலையில் உனக்குத் திருப்தியா என்று சொல். அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் வரிசையாக நிற்க வைத்துத் தட்டிப் பார். எங்கேயாவது தொப்பென்று கேட்டால் அன்றைக்கே ஒரு பேச்சுப் பேசாமல் உன்னோடு கிளம்பி வருகிறோம். கேட்காவிட்டால் நீ எதுவும் பேசக் கூடாது.

இப்படிக்கு,
நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் போகாத
உன் அம்மா