லெட்சுமி அக்காவின் முட்டி

நீ என்னிடமிருந்து திருடினாய். செத்துப்போனவளைப் பற்றி இப்படி எழுதக் கூடாது என்பார்கள். எழுதுகிறேன்.

இன்று காலை நம் ஊர் லாயாங் லாயாங் மண்டபத்துக்கு ஒரு கட்டு சுவரொட்டி வந்தது. மை வாசம் இன்னும் போகவில்லை. வெள்ள எச்சரிக்கைக்காக ஆசிய நாடுகளின் அரசுகள் கூடி ஒப்புக்கொண்ட படமாம். ஓர் ஆள், அவன் உடம்பில் முட்டி, இடுப்பு, கழுத்து என்று மூன்று கோடுகள். கீழே, யோசனை தந்தவர் என்று உன் பெயர். உன் பெயர் மட்டும்.

வெள்ளத் தொண்டர் குழுவில் நாம் இருவரும்தான் எல்லார் கைப்பேசிக்கும் செய்தி அனுப்புவோம். ஆற்று நீரின் உயரத்தை வெள்ளத் துறை அலுவலகம் மீட்டரில் சொல்லும். நீ அதை அப்படியே தமிழில் போடுவாய். ஒருவரும் வீட்டை விட்டு நகரமாட்டார்கள். "மீட்டர்னா என்னா லா, கரண்டு மீட்டரா?" என்று கடைசி வரிசை வீட்டு லெட்சுமி அக்கா கேட்டார். அந்த மழையில்தான் நான் எழுதினேன்: "மதியத்துக்குள்ள லெட்சுமி அக்கா முட்டி வரைக்கும் தண்ணி வரும்." நம் தாமான் குடியிருப்பிலேயே குள்ளமானவர் அவர். எல்லாருக்கும் அளவு புரிந்தது. மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

"அலமாக்! என் முட்டிய ஏன்டி ஊருக்கே காட்டுற?" என்று அக்கா நிவாரண மையத்தில் என்னைத் துரத்தினார். சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறிப் போனது.

பிறகு இந்த முட்டி அளவைப் பற்றிச் சொல்ல, ஆசிய நாடுகள் கூடும் பேங்காக் கூட்டத்துக்கு ஒருவரை அனுப்பச் சொன்னார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்தவள், ஆங்கிலம் நன்றாக வரும் என்று உன்னை அனுப்பினார்கள். நான் நிவாரண மையத்தில் சேறு படிந்த பாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். கொடிகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பினாய். "பெரிய பெரிய ஆளுங்கல்லாம் நம்ம முட்டிய பத்திதான் பேசுறாங்கடி!" பொறாமையில் நான் பதில் போடவில்லை.

திரும்பி வந்த சில வாரங்களில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. சாவு வீட்டில், "முட்டி அளவு கண்டுபுடிச்ச பொண்ணு" என்று உன்னைச் சொல்லித்தான் அழுதார்கள். நானும் அழுதேன், வயிறு எரிய எரிய.

சுவரொட்டியில் நிற்கிறவன் நெட்டையான ஆண். கால்சட்டையை மடித்து விட்டிருக்கிறான். லெட்சுமி அக்கா உற்றுப் பார்த்தார். "யாருடி இவன்? இவன் முட்டிக்கு வந்தா எனக்குத் தொடைக்கு மேல லா. பேரப்புள்ள முங்கிரும்." பகலில் தண்ணீர் ஏறும்போது வீட்டில் இருப்பது அக்காவும் பிள்ளைகளும்தான். நெட்டையான ஆண்கள் தெப்ராவ் தொழிற்சாலைகளில் இருப்பார்கள்.

நீ தப்பு செய்துவிட்டாய் என்று எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "எல்லா நாடும் ஒத்துக்கிட்டது. ஒரு முட்டிக்காக மாத்த முடியாதும்மா" என்றார் அதிகாரி.

மாற்றச் சொல்லிக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன்னைப் பற்றிய வரியில் பேனா நிற்கிறது. படத்திலிருந்து அக்காவை அவர்கள் வெட்டினார்களா, நீயே விட்டுவிட்டாயா? அந்த மேடையில் அது யார் முட்டி என்று சொன்னாயா, இல்லையா?

சொல்லுடி.