அவன் காருக்கு மாட்டிய ஆல்டர்னேட்டர்

மருமகளே,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. பட்டினி கிடக்காதே.

என் பிள்ளையின் பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரில் லைட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதில் ஆல்டர்னேட்டர் மாட்டிவிட்டேன். மெதுவாகப் போனாலும் இனி லைட் மங்காது. அன்றைக்கு மங்கியதால்தானே வளைவு தெரியாமல் போய்ச் சேர்ந்தான். அதே டைனமோவோடு இன்னொரு வீட்டுப் பிள்ளையிடம் வண்டியைத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

"அவர் வண்டிய வித்துட்டு நீங்க நிம்மதியாத் தூங்குங்க மாமா" என்று நேற்றுச் சொன்னாய். எனக்கு ஏதம்மா தூக்கம்?

வாங்குகிறவர் சாயங்காலம் வருவார். இதற்காகப் பாட்டரியின் பிளஸ், மைனஸ் வயர்களை இடம் மாற்றியிருக்கிறேன்; பழையபடி மாட்டினால் ஆல்டர்னேட்டர் கருகிவிடும் என்று அவரிடம் சொல்.

மறந்துவிட்டேன். சாவி உன் அலமாரியில் இருக்கிறது. கொடுக்க மனசில்லையென்றால், கிழவன் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான் என்று சொல்லிவிடு. திட்டினால் என்னைத் திட்டிவிட்டுப் போகட்டும்.